பனி பெய்து 5 நாள் ஆகிவிட்டது, இனி அந்தச் சாய்வில் ஏறலாமா?

கேள்வி இது: பெரிய பனிப்பொழிவு நின்று 5 நாள் ஆகிறது. வானம் தெளிவாக இருக்கிறது. வட்டார முன்னறிவிப்பில் பனிச்சரிவு அபாயம் நிலை 3. போக வேண்டிய வழி, மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே ஒரு திறந்த சாய்வைக் குறுக்காகக் கடந்து முகட்டுக்கு ஏறுகிறது. ஒரு குழி தோண்டிப் பனியைச் சோதித்துவிட்டு, சரியாக இருந்தால் போகலாமா?

இந்தக் கேள்வியில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்தச் சாய்வு எத்தனை டிகிரி? அது தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. பனிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை எவ்வளவு அனுபவம் உள்ளவராலும் முழுதாகப் பார்த்துவிட முடியாது. இங்கே தோண்டினால் ஒரு மாதிரி, இருபதடி தள்ளித் தோண்டினால் இன்னொரு மாதிரி இருக்கும். கோணம் அப்படியல்ல, அதை அளந்துவிடலாம், நாளைக்கும் அது மாறாது. அதனால் முடிவைக் கோணத்தின் மேல் வையுங்கள். பனியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது, அந்த முடிவை இன்னும் இறுக்குவதற்கு மட்டும்தான் பயன்பட வேண்டும்.

பனிச்சரிவு என்றதும் மேலேயிருந்து உருண்டு பெருத்து வரும் பனிதான் பலருக்கு மனதில் தோன்றும். ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல விரிகிற உதிரிப் பனிச்சரிவும் உண்டுதான். ஆனால் மலையேறிகளைக் கொல்வது பெரும்பாலும் பலகைப் பனிச்சரிவு. மேலே ஒட்டிப் பிடித்த பனி ஒரு பலகைபோல இருக்கும். அதன் அடியில் வலுவில்லாத மெல்லிய அடுக்கு ஒன்று. அதற்கும் கீழே வழுக்கிச் செல்ல ஒரு தளம். நடக்கிற ஆளின் எடை அந்த மெல்லிய அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினால் போதும், விரிசல் பக்கவாட்டில் ஓடிப் பலகை முழுதும் ஒரே நேரத்தில் அறுந்துகொள்ளும். அறுந்த கோடு தலைக்கு மேலே இருக்கும், நீங்கள் நகரும் பலகையின் நடுவில் நின்றுகொண்டிருப்பீர்கள். உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் பத்தில் ஒன்பதில், சரிவைத் தூண்டியவர் சிக்கியவரேதான், இல்லையென்றால் அவரோடு வந்தவர். தானாக மேலேயிருந்து வந்து அடித்தது குறைவு. எங்கே கால் வைக்கிறோம் என்பது நம் கையில் இருப்பதால்தான் இந்த அபாயத்தைப் பெருமளவு தவிர்க்கவும் முடிகிறது.

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில் அறுகின்றன. 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம். 30-க்குக் கீழே அரிது. 50-ஐத் தாண்டிய செங்குத்தில் பனி அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுவதால் பெரிய பலகை சேர்வது குறைவு. ஏற, இறங்க, பனிச்சறுக்கு விட மனம் இழுக்கிற சாய்வுகள் பெரும்பாலும் இந்த 30–45 வரம்புக்குள்தான் வருகின்றன என்பதுதான் சங்கடம்.

கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் பாருங்கள். 1:25,000 அளவில், 20 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகள் உள்ள படத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது 30 டிகிரி அல்லது அதற்கு மேல். 10 மீட்டர் இடைவெளி என்றால் 0.7 மி.மீ. செயலிகளில் சாய்வுக்கு வண்ணம் தீட்டிக் காட்டும் படங்கள் நல்ல உதவி. ஆனால் அவை உயரத் தரவைச் சராசரியாக்கித்தான் கோணம் சொல்கின்றன. 10 மீட்டர் அகலத்தில் ஒரு திடீர் மடிப்பு 38 டிகிரி இருந்தாலும் படத்தில் அது 29 என்று காட்டிவிடலாம்.

களத்தில் அளக்க, ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல்கள் போதும். ஒன்றை மேலிருந்து கீழாக, சாய்வின் போக்கிலேயே பனிமேல் படுக்கவைத்து அழுத்தி எடுங்கள். பதிந்த தடத்துக்கு ஒரு மேல்முனை, ஒரு கீழ்முனை கிடைக்கும். அதே கோலின் நுனியை மேல்முனையில் ஊன்றி, கைப்பிடியைக் கீழ்ப்பக்கமாகக் காற்றில் தூக்கிப் பிடியுங்கள். இரண்டாவது கோலை முதல் கோலின் கைப்பிடியிலிருந்து தூக்குக்குண்டு மாதிரி செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் நுனி பனியைத் தொடும்வரை முதல் கோலை மெல்லத் தாழ்த்துங்கள். நுனி தடத்தின் கீழ்முனையிலேயே தொட்டால் சாய்வு 30 டிகிரி. கீழ்முனையைத் தாண்டிக் கீழே தொட்டால் 30-க்கு மேல், 1.2 மீட்டர் கோலுக்கு, தாண்டுகிற ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 3 டிகிரி கூட்டிக்கொள்ளலாம். கீழ்முனைக்கு மேலேயே தொட்டால் 30-க்குக் குறைவு. இதைச் சந்தேகத்துக்குரிய சாய்வின் நடுவில் போய் நின்று செய்யாதீர்கள். ஓரத்தில், அதே அளவு சரிந்த ஒரு சின்ன மேட்டில் அளங்கள். அல்லது பக்கவாட்டில் பத்திரமான இடத்தில் நின்று கோணமானியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கணக்கில் சேர்வது சராசரி அல்ல, இருப்பதிலேயே செங்குத்தான பகுதி. நீங்கள் நிற்கும் இடம் மட்டமாக இருந்தாலும், தலைக்கு மேலே 35 டிகிரிச் சாய்வு தொங்கினால் நீங்கள் அதன் பாதையில்தான் இருக்கிறீர்கள்.

இனி அந்த 5 நாள் விஷயத்துக்கு வருவோம். பனி பெய்து முடிந்து நாளாக ஆக அது இறுகிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. புதுப் பனி தன் எடையாலேயே அமுங்கி, துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சில நாளில் நிலைகொள்ளும். புயலின்போது சேர்ந்த பலகைக்கு இது பொருந்தும். அடியில் பழைய பலவீன அடுக்கு கிடந்தால் பொருந்தாது. அந்த அடுக்கு வாரக்கணக்கில், சில பருவங்களில் மாதக்கணக்கில்கூட அப்படியே இருக்கும்.

அது எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதி மலை புரிந்துவிடும். பனிக்கு அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸில் இருக்கும். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து மைனஸ் 20 வரைகூடக் குளிரலாம். இந்த 20 டிகிரி வித்தியாசம் 2 மீட்டர் கனத்தில் பரவியிருந்தால் மீட்டருக்கு 10 டிகிரி. பனி அரை மீட்டர்தான் என்றால் மீட்டருக்கு 40 டிகிரி. மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினால், கீழேயிருந்து நீராவி வேகமாக மேலேறித் துகள்களின் மேல் படிந்து, உருண்டையான துகள்களைக் கோண முனைகள் கொண்ட படிகங்களாக மாற்றுகிறது. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. கையில் அள்ளினால் சர்க்கரைபோல விரலிடுக்கில் வழிந்தோடும், உருட்டினால் உருண்டை பிடிக்காது. கறுப்புக் கையுறையில் கொஞ்சம் வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள்: 1 முதல் 3 மி.மீ. அளவில், தட்டையான முகங்கள் வெளிச்சத்தில் பளிச்சிடும். தரையை ஒட்டி நாளாகிப் போனவை கிண்ணம்போலக் குழிந்து, பக்கங்களில் படிப்படியான வரிகளோடு இருக்கும். இந்தச் சர்க்கரைப் பனிதான் மிக நம்பமுடியாத அடித்தளம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது: பனி குறைவாக உள்ள இடம் பத்திரமானது அல்ல. மெல்லிய பனிதான் சீக்கிரம் சர்க்கரையாகிறது. பாறை தலைநீட்டும் இடங்களைச் சுற்றி, முகட்டை ஒட்டி, சாய்வின் விளிம்புகளில் பலகையும் மெலிந்திருக்கும், அடியில் உள்ளதும் வலுவிழந்திருக்கும். மனித எடையின் தாக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரைதான் இறங்கும் என்பதால், கனத்த பலகையின் நடுவில் பத்துப் பேர் நடந்து ஒன்றும் ஆகாமல், பதினோராமவர் ஓரத்துப் பாறை அருகே மிதித்ததும் மொத்தமும் அறுகிறது. முன்னே போனவர்களின் தடம் பத்திரத்துக்குச் சான்று ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு பலவீன அடுக்கு, மேற்பரப்பில் பூக்கும் உறைபனி. காற்றில்லாத, ஈரப்பதமுள்ள, தெளிந்த இரவில் பனியின் மேல் இறகுபோன்ற படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மின்னும், பார்க்க அவ்வளவு அழகு. மேலே இருக்கும்வரை தொல்லையில்லை. அடுத்த பனிப்பொழிவு அதை மூடிய பிறகுதான் ஆபத்து. வெயிலும் காற்றும் பட்ட இடங்களில் அது அழிந்திருக்கும், நிழலான மறைவிடங்களில் பிழைத்திருக்கும். அதனால் ஒரே மலையில் ஒரு பக்கம் அறுகிறது, பக்கத்துச் சாய்வு அசையாமல் நிற்கிறது. நீங்கள் சொல்லும் இந்தத் தெளிந்த 5 நாட்களும் அடுத்த புயலுக்கான உறைபனியை வளர்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

வானம் தெளிவு என்றீர்கள், காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு துளி பனி பெய்யாமலே காற்று ஒரு சாய்வில் பனியை ஏற்றிவிடும், அதுவும் பொழிவைவிடப் பத்து மடங்கு வேகத்தில். காற்று வீசும் பக்கத்தில் சுரண்டி, முகட்டுக்கு மறுபுறம் கொட்டும். முகட்டில் பனி நாக்குபோல வெளியே நீண்டிருந்தால் அதற்குக் கீழே உள்ள சாய்வு பாரம் ஏற்றப்பட்டது என்று அர்த்தம். தலையணைபோல உப்பிய, வழவழப்பான, கோலால் தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும் பனி காற்று இறுக்கிய பலகை. அந்த நாக்கின் மேல் நிற்கவே கூடாது. அது விளிம்பில் மட்டும் உடைவதில்லை, நீங்கள் உறுதியான தரை என்று நினைக்கும் இடத்துக்கு உள்ளே வரை பிளந்துகொள்ளும்.

நிலை 3 என்பதை ஐந்தில் மூன்று, அதாவது நடுத்தரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஐரோப்பாவில் 1993-இல் ஒன்றாக்கப்பட்ட இந்த 5 நிலை அளவுகோலில் படிகள் சமமாக ஏறுவதில்லை, ஒவ்வொரு நிலையிலும் அபாயம் பல மடங்காகிறது. நிலை 3-இல் தனி ஆளே பலகையை அறுத்துவிட வாய்ப்பு நன்றாகவே உண்டு. மிக அதிகம் பேர் இறப்பதும் இந்த நிலையில்தான். 4, 5 வந்தால் மக்கள் வெளியே போவதில்லை, 3-இல் வெயிலைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். எண்ணோடு நிற்காமல் அறிக்கையின் உள்ளே படியுங்கள்: எந்த வகைப் பிரச்சினை, எந்தத் திசை பார்த்த சாய்வு, எந்த உயரத்துக்கு மேல். சுவிட்சர்லாந்தின் மலை வழிகாட்டி வெர்னர் முண்டர் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: நிலை 2-இல் 40 டிகிரிக்குக் கீழ், நிலை 3-இல் 35-க்குக் கீழ், நிலை 4-இல் 30-க்குக் கீழ். புதுப் பனி, காற்றுப் பனி விஷயத்தில் இது நல்ல வேலி. அறிக்கையில் பழைய பலவீன அடுக்கு என்று எழுதியிருந்தால் நிலை 3-க்கே 30-க்குக் கீழே இருந்துவிடுங்கள் என்பேன். அந்த அடுக்கு தூரத்திலிருந்தும் தூண்டப்படும். கீழே மட்டத்தில் நடப்பவரின் மிதியில் மேலே 100 மீட்டர் தள்ளி அறுந்து வருவது உண்டு.

வழியிலேயே மலை சில அறிகுறிகளைக் காட்டும். அதே திசை பார்த்த சாய்வில் அண்மையில் விழுந்த சரிவு. காலடியிலிருந்து பனியில் ஓடும் விரிசல். காலுக்கடியில் ‘வும்ப்’ என்று அடங்கிய ஒரு ஓசை, கூடவே பனி சட்டென்று சற்றே இறங்கும் உணர்வு: அது பலவீன அடுக்கு நொறுங்கிய சத்தம்தான், சாய்வு போதாததால் மட்டும் பலகை ஓடவில்லை. 24 மணி நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் புதுப் பனி, அல்லது பனிமேல் மழை, அல்லது திடீர் வெப்பம். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலே செங்குத்துச் சாய்வு அன்றைக்கு இல்லை. இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

குழி தோண்டலாமா என்று கேட்டீர்கள். தோண்டலாம், ஆனால் ‘வேண்டாம்’ என்ற பதிலை உறுதிப்படுத்த மட்டும். கடக்கப் போகும் சாய்வின் அதே திசை, ஒத்த உயரம், ஒத்த கோணம் உள்ள, ஆனால் அறுந்தாலும் கொல்லாத சின்ன இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மரத்தடி வேண்டாம், கிளையிலிருந்து விழுந்த பனி அடுக்கைக் குலைத்திருக்கும். முதலில் குழியின் சுவரில் கடினத்தைக் கையால் பாருங்கள்: மெல்ல அழுத்தினால் முஷ்டி நுழைகிறதா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டுமா. மேலே கடினம், உடனே கீழே மென்மை என்று மாறும் இடம், மேலிருந்து ஒரு மீட்டருக்குள், 10 செ.மீ.க்கு மிகாத மெல்லிய அடுக்கு, அதில் கோணப் படிகம் அல்லது உறைபனி, பக்கத்து அடுக்கைவிடத் துகள் அளவில் 1 மி.மீ.யோ அதற்கு மேலோ வித்தியாசம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அதுதான் தேடியது.

அடுத்து, நீட்டிய தூண் சோதனை. சாய்வுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு பனித் தூணை, முடிச்சுப் போட்ட கயிற்றாலோ பனி ரம்பத்தாலோ பின்புறமும் பக்கங்களும் அறுத்துத் தனியாக்குங்கள். ஒரு முனையில் ஷவலின் (பனி வாரும் மண்வாரியின்) தகட்டைப் படுக்கவைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது 90 செ.மீ.யும் ஓடி மறுமுனைக்குப் போனால் பலகை பரவி அறுக்கும் குணமுள்ளது, அன்றைக்குத் திரும்புங்கள். எத்தனையாவது தட்டு என்பதைவிட ஓடியதா இல்லையா என்பதே முக்கியம். ஓடவில்லை என்றால்? அந்தத் தூண் ஓடவில்லை, அவ்வளவுதான். அடுக்கு ஒரு மீட்டருக்குக் கீழே புதைந்திருந்தால் தட்டு அதை எட்டாமலே போயிருக்கலாம். அரை மணி நேரம் வியர்த்துத் தோண்டியவருக்கு ‘போகலாம்’ என்ற பதில்தான் காதில் விழும். அதனால்தான் குழி தோண்டும் முன்பே, நல்ல விடை வந்தாலும் எந்தச் சாய்வுக்குப் போக மாட்டோம் என்பதைக் குழுவாகப் பேசி முடித்துவிட வேண்டும்.

வெயில் காலத்து ஈரப் பனிக்குக் கணக்கு வேறு, அது நேரக் கணக்கு. இரவில் நன்றாக உறைந்திருந்தால் காலையில் கெட்டி. கணுக்காலுக்கு மேல் கால் புதையத் தொடங்கினாலோ, சாய்வில் பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்கினாலோ நேரம் முடிந்தது. இரவு மேகமூட்டமாக இருந்து பனி உறையவே இல்லை என்றால் அன்று தொடங்கவே வேண்டாம்.

எல்லாம் பார்த்துக் கடப்பது என்று முடிவானால் ஒவ்வொருவராகக் கடங்கள். மற்றவர்கள் சரிவின் பாதைக்கு வெளியே நின்று, கடப்பவர்மேல் கண் வைத்திருக்கட்டும். ஊன்றுகோல் வாரைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள். கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: விரிந்த மைதானமாக இருந்தால் சின்னச் சரிவு பரந்து மெலிந்துவிடும், ஓடை, பள்ளம், பாறைச் செங்குத்து, மரக்கூட்டம் இருந்தால் அதே சின்னச் சரிவு ஆளை ஆழப் புதைக்கும் அல்லது மோதிக் கொல்லும்.

ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சிக்னல் அனுப்பவும் தேடவும் செய்யும் கருவி), பனியில் குத்தித் தேட 240 செ.மீ.க்குக் குறையாத ப்ரோப் கம்பி, உலோக ஷவல் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் பயனில்லை. டிரான்ஸ்சீவர் உடலோடு கட்டியிருக்கட்டும், பையில் வேண்டாம். டிரான்ஸ்சீவர் அனுப்பும் நிலையில் இருக்கும்போது கைபேசி அதிலிருந்து 20 செ.மீ., தேடும் நிலையில் இருக்கும்போது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். காற்றுப்பை கட்டிய முதுகுப்பை ஆளை மேற்பரப்பில் நிறுத்த உதவும். ஆனால் கடுமையாகச் சிக்கியவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அது இறப்பை 22 சதவீதத்திலிருந்து 11-ஆகத்தான் குறைத்தது.

புதைந்தவருக்கு முதல் 10 நிமிடத்தில் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம். அரை மணி நேரத்தில் அது 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். தேட வேண்டியது கூட இருப்பவர்கள்தான், வெளியிலிருந்து உதவி வரும்வரை நேரம் தாங்காது. கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தை மனதில் குறித்து, மேலே இன்னும் அறுந்து வர வாய்ப்புண்டா என்று ஒரு கணம் பார்த்து, எல்லோரும் டிரான்ஸ்சீவரைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையிலேயே இருந்தால் தேடல் அவரையே சுற்றிவரும். குவியலில் கையுறை, பை, கால் ஏதாவது வெளியே தெரிகிறதா என்று கண்ணாலும் தேடுங்கள். சிக்னல் கிடைத்ததும் கருவி காட்டும் தூர எண் குறையும் திசையில் போங்கள். 10-க்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 3-க்குக் கீழே கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி மிகச் சிறிய எண் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக, சாய்வின் மேற்பரப்புக்குச் செங்குத்தாகக் கம்பியைக் குத்துங்கள். தட்டியதும் கம்பியை உருவாதீர்கள், அது அங்கேயே நிற்கட்டும்.

தோண்டுவதில்தான் நேரம் போகிறது. நின்றுபோன சரிவுப் பனி கான்கிரீட்போல இறுகும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். கம்பிக்கு நேர் மேலே நின்று குழி வெட்டினால் அவருடைய மூச்சுக்கிருக்கும் இடத்தையும் மிதித்து அடைத்துவிடுவீர்கள். கம்பி காட்டும் ஆழம் அளவுக்குக் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, பக்கவாட்டில் ஆளை நோக்கி வெட்டுங்கள். முன்னே ஒருவர் பனியைக் கட்டிகளாக வெட்ட, பின்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடுவதுபோல அதைக் கீழே தள்ளட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னிருப்பவரை மாற்றுங்கள். உடல் தெரிந்ததும் முதலில் முகம்: வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுங்கள், அடுத்து மார்பு மேலுள்ள பாரம். மூச்சில்லை என்றால் உடல் முழுதும் வெளியே வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே செயற்கைச் சுவாசத்தைத் தொடங்குங்கள். நெடுநேரம் புதைந்திருந்தவரைப் படுத்த நிலையிலேயே, குலுக்காமல் எடுங்கள். குளிர்ந்த உடலைச் சட்டென்று நிமிர்த்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். அவரது டிரான்ஸ்சீவரை, இன்னொருவர் புதைந்திருந்தால், உடனே நிறுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த தேடலும் இதே குழிக்கு வந்து நிற்கும்.